பதினேழாம் நம்பர் ஆஜர்

காயில்காரருக்கு ஒரு வாத்தியார் மேல் முப்பத்தாறு வருடக் கோபம். அந்த வாத்தியார் அவரை அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. ஒரு கோடு போட்டார், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்து இருபத்தெட்டு நாள் கிடந்தார் காயில்காரர். அம்மா பிழைத்து வீடு வந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். வாத்தியார் வரிசையாகப் பெயர் வாசித்தார். இவருக்கு முந்தின பெயர் வந்தது, பிந்தின பெயரும் வந்தது. இவர் பெயர் வரவில்லை.

"சார், என் பேரு?"

வாத்தியார் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். பெயரின் மேல் சிவப்பு மையில், ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு.

"வராதவனுக்கு எதுக்குடா பேரு? வீட்டுல பெரியவங்கள கூட்டிட்டு வா, பாக்கலாம்."

வீட்டுப் பெரியவர் எந்த ஊர்ச் சாலையில் இருந்தாரோ. பையோடு வெளியே வந்தவர் மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

இந்தக் கதையை அவர் டீக்கடையில் சொல்லாத வாரம் கிடையாது. "படிப்பு வராம நின்னவன் ஆயிரம் பேரு. நான் கோடு போட்டு நின்னவன்" என்று ஆரம்பிப்பார். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்பார்: "அண்ணே, இன்னிக்கும் சிவப்பு மைதானா, இல்ல வேற கலர் மாத்திட்டீங்களா?"

"நீ சிரிப்பா, சிரி. அட்டெண்டன்ஸ் மட்டும் இருந்திருந்தா நான் இப்ப இன்ஜினியரு. என் வீட்டு மோட்டாருக்கு வேற எவனாவது காயில் கட்டிட்டு இருப்பான்."

பள்ளிப் படிப்பு போனதும் கை பிடித்த தொழில்தான் அது. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று என்று ஒன்றுவிடாமல் எண்ணி, அதே கனத்தில் புதுக்கம்பி சுற்றி, இரும்புப் பள்ளங்களுக்குள் இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது. ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே எட்டடி அகலத்தில் கடை. விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்த கோடுகள். கட்டிய மோட்டார் திரும்பி வந்தது என்று அவரைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை.

கல்யாணம் ஆகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தாள் ஒரே மகள். பள்ளியில் சேர்த்த அன்று அவளுக்கு அவர் சொன்ன புத்திமதி ஒன்றுதான். "மார்க்கு வரும், போகும். அட்டெண்டன்ஸ் போனா போனதுதான்." மூன்றாம் வகுப்பில் காய்ச்சலோடு அவளை அனுப்பிவிட்டு, அவள் வகுப்பிலேயே வாந்தி எடுத்து, மிஸ் கூப்பிட்டு விட்டபோதுகூட, "அட்டெண்டன்ஸ் போட்டாச்சா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுத்தான் மகளைத் தூக்கினார். மனைவி அதை ஒரு மாதம் சொல்லிக் காட்டினாள்.

அந்தப் பெண் எட்டாம் வகுப்புக்கு வந்த வருடம்தான் நோய் வந்து உலகத்தையே வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. பள்ளிகளுக்குப் பூட்டு, தெருவுக்குத் தடுப்பு. ஆனால் தண்ணீர் மோட்டாருக்கு நோயும் தெரியாது, ஊரடங்கும் தெரியாது. எல்லாரும் வீட்டில் இருந்து, எல்லாரும் கை கழுவ, நாள் முழுக்க ஓடி ஓடி மோட்டார்கள் எரிந்தன. காயில்காரருக்கு மட்டும் வெளியே போக அனுமதிச் சீட்டு கிடைத்தது. "கழுவு கழுவுங்கறாங்க, நாலாவது மாடில சொட்டுத் தண்ணி இல்லண்ணே, எதை வெச்சுக் கழுவறது?" என்று போனுக்கு மேல் போன்.

அந்தப் போன்தான் வீட்டில் இருந்த ஒரே போன். அதில்தான் மகளின் வகுப்பும் வந்தது.

முதல் பதினைந்து நாள் போன் மகளிடம் இருந்தது. ஜன்னல் பக்கம் சிக்னல் கிடைக்கும் மூலையில், கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்து, மடியில் நோட்டோடு பாடம் கேட்டாள். அறையின் மறுபக்கம் அம்மா தையல் மெஷினில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருப்பாள். மிஸ் பேசும்போது மட்டும் மகள் கையைக் காட்ட, மெஷின் நிற்கும். நடுநடுவே மோட்டார் எரிந்தவர்கள் கூப்பிட வகுப்பு அறுந்து அறுந்து வரும். ஒரு பழைய வாடிக்கைக்காரர் மூன்று முறை கூப்பிட்டும் கிடைக்காமல் வேறு கடைக்குப் போய்விட்டார். அன்று மாலை காயில்காரர் சொன்னார்:

"நாளையிலருந்து போன் என்கூட வரட்டும்."

"அப்ப கிளாஸ்?"

"அட்டெண்டன்ஸ்தானே? நான் போட்டுக்கறேன். நீ புஸ்தகத்தை வெச்சுப் படி. சாயங்காலம் வந்ததும் போனைத் தர்றேன், மிஸ் அனுப்பினதை எல்லாம் பாத்துக்கோ."

மகள் கையை நீட்டினாள். பிறகு போனை வாங்கி இரண்டு வரிகளைத் தட்டிச் சேமித்துக் கொடுத்தாள். ஒன்று, 'பிரசென்ட் மிஸ்'. இன்னொன்று, 'நெட்வொர்க் பிராப்ளம் மிஸ்'.

"ரெண்டாவது எதுக்கு?"

"மிஸ் கேள்வி கேட்டா அதை அனுப்புங்க. எல்லாரும் அதைத்தான் அனுப்புவாங்க."

அப்படித்தான் நாற்பத்தெட்டு வயதில் காயில்காரர் பள்ளிக்குத் திரும்பினார். ஒன்பது மணிக்கு மிஸ் எண் வரிசையில் கூப்பிடுவார். பதினேழு என்றதும் வார்னிஷ் ஒட்டின விரலால் முதல் வரியைத் தொட்டு அனுப்புவார். "பதினேழு, ஓகே" என்று மிஸ் சொல்லும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று குளிர்ந்தது. இந்த ரிஜிஸ்டரில் எவனும் கோடு போட முடியாது.

மாலையில் வீட்டுக்கு வரும்போது போனில் நெட் தீர்ந்திருக்கும். "தீந்துபோச்சும்மா, நாளைக்குப் பாத்துக்கோ" என்பார். மகள் முதல் மாதம் தினமும் கேட்டாள். அடுத்த மாதம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. அதற்கப்புறம் கேட்கவில்லை. புரிஞ்சுகிட்டா போல, கெட்டிக்காரி, என்று அவர் நினைத்துக்கொண்டார். மனைவிதான் ஒருநாள் தையலை நிறுத்தி, "என்னங்க, இவ என்னதான் படிக்கறா? புஸ்தகத்துல ஒரே பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கா" என்றாள்.

"அட்டெண்டன்ஸ் நூத்துக்கு நூறு. சும்மா இரு."

நெட் எப்படித் தீர்ந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பெயர் கூப்பிட்டதும் வகுப்பை விட்டு வெளியே வந்திருந்தால் அது தீர்ந்திருக்காது. இரண்டாம் வாரமே அவர் காதில் இயர்போன் ஏறிவிட்டது. கை பாட்டுக்குக் கம்பி சுற்றும், காது மிஸ்ஸிடம் இருக்கும். கணக்கும் அறிவியலும் எடுப்பது ஒரே மிஸ்தான். குரலில் அவசரம் கிடையாது. புரியாதவனுக்காக ஒரு வரியை மூன்று தடவை சொல்கிற குரல். முப்பது வருடத்துக்கு மேலாக மோட்டார் கட்டியவருக்கு மோட்டார் ஏன் சுற்றுகிறது என்று தெரியாது. செம்பில் மின்சாரம் ஓடினால் அது காந்தமாகிறது என்று மிஸ் சொன்ன அன்று, கையில் இருந்த காயிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இதுக்குத்தானா இந்தக் குதி குதிக்கறே!" என்று வாய்விட்டுச் சொன்னார்.

ஒருநாள் மிஸ் ஒரு கணக்கு கேட்டார். பதினாலு சென்டிமீட்டர் விட்டம் உள்ள உருளையில் கம்பியை ஐம்பது சுற்று சுற்ற எத்தனை மீட்டர் கம்பி வேண்டும்? வகுப்பு மொத்தமும் நெட்வொர்க் பிராப்ளம் ஆகிவிட்டது. காயில்காரருக்குச் சிரிப்பு வந்தது. அதே அளவு உருளை அவர் மேஜை மேலேயே இருந்தது. ஒரு சுற்றுக்கு நாற்பத்து நாலு சென்டிமீட்டர். விடையைத் தட்டி அனுப்பினார்: 22.

"பதினேழு... இருபத்திரண்டு! சபாஷ்! கிளாஸ்ல ஒருத்தருக்கும் வரல, பாத்தீங்களா? பதினேழாம் நம்பருக்கு எல்லாரும் கை தட்டுங்க."

இயர்போனுக்குள் எங்கெங்கோ வீடுகளில் இருந்து பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை அவர் யாருக்கும் பங்கு வைக்கவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும், மகள் வாயைத் திறப்பதற்கு முன்னால், "நெட் தீந்துபோச்சு" என்றார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. பரீட்சை என்று நாலு விடையில் ஒன்றைத் தொடச் சொல்லிக் கேள்விகள் வந்தன. தொட்டார். இருபத்தைந்துக்குப் பதினெட்டு. அவருக்கே அந்த நோய் வந்து ஒன்பது நாள் வார்டில் கிடந்தபோதும், மூக்கில் குழாயோடு பெயர் கொடுத்தார்.

"மூச்சு வாங்குது, போனை வைங்க சார்" என்றாள் நர்ஸ்.

"ஒரு நிமிஷம்மா, மணி ஒன்பதாச்சு."

"ஆபீஸா?"

"ஸ்கூலு."

நர்ஸ், இவருக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதோ என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இதை டீக்கடை திறந்ததும் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்தார். சிரிக்க முடியாத ஒன்று இருந்தது, அதைச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் வேலை படுத்துவிட்டது. வாரத்தில் மூன்று நாள் போன் அடிக்கவே அடிக்காது. அந்த நாட்களில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் அவரிடம் மகள் வந்து, "இன்னிக்குக் கடையில வேலை இருக்காப்பா?" என்று கேட்பாள். "வேலை எப்ப வரும்னு யாரு கண்டா?" என்று சொல்லிப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். நேற்று மிஸ் பாதியில் விட்ட பாடத்தின் மீதி அன்றைக்கு இருந்தது. அதுதான் வேலை.

ஒன்றரை வருடம் கழித்துப் பள்ளி திறந்தது. எல்லாரும் பாஸ் என்று அறிவித்துவிட்டதால் மகள் ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்தாள். அதே மிஸ்தான் வகுப்பாசிரியர். முதல் நாளே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: 'நூறு சதவீத வருகை: எண் 17 மட்டும்.' காயில்காரர் அதைத் தெருவில் கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் காட்டினார். மகளை முதல் பெஞ்சில் உட்கார வைத்து, மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பையும் கொடுத்திருந்தார்கள். அதை மகள் வீட்டில் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மிஸ் போன் செய்தார். உடனே வரச் சொன்னார்.

ஆசிரியர் அறையின் தரையில் ஆட்கள் தள்ளித் தள்ளி நிற்பதற்காகச் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்குள் மகள் நின்றாள். இன்னொன்றில் காயில்காரர் போய் நின்றார். நேரில் மிஸ் சின்ன உருவம். ஒன்றரை வருடம் காதுக்குள் இருந்த குரல் முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து வந்தபோது அவருக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கும்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவளை இன்னிக்கு போர்டுக்குக் கூப்பிட்டேன். வட்டத்துக் கணக்கு. அன்னிக்கு யாருக்கும் வராததை ஒரே நிமிஷத்துல போட்டவ. இப்ப சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. விட்டம்னா என்னன்னு கேட்டா முழிக்கறா."

காயில்காரர் தரையைப் பார்த்தார்.

"மறந்துபோச்சாம்மான்னு கேட்டேன். பின்னாடியிருந்து ஒரு பொண்ணு, 'மிஸ், அவ கிளாஸ்லயே இல்ல. எங்க வீட்டு ஜன்னலுக்கு வெளிய நின்னுதான் கேட்டா'ங்குது. கிளாஸே சிரிக்குது. அப்ப இவ பேர்ல பதில் போட்டது யாரு? பரீட்சை எழுதினது யாரு? கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. போனை யாரோ ஒருத்தர் கையில குடுத்திருக்கா. பொம்பளப் பிள்ளைங்க, எனக்குப் பயமா இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள யாருன்னு சொல்லலைன்னா நான் ஹெட்மாஸ்டருக்கு எழுதிக் குடுத்துத்தான் ஆகணும். அப்புறம் இவளை இங்க வெச்சுக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது."

'நான்தான் டீச்சர்.' தொண்டைக்குழி வரைக்கும் வந்துவிட்டது. ஒன்றரை வருடம் தினமும் இரண்டு சொல் அனுப்பினவருக்கு இந்த இரண்டு சொல் பெரிய பாரமா? ஆனால் எதிரில் நிற்பது சபாஷ் சொன்ன மிஸ். அவர் கண்ணெதிரே, மகளின் இடத்தில் உட்கார்ந்து பாடம் கேட்ட கிழட்டு மாணவனாக நிற்க வேண்டும். நாக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"யாருகிட்டடி குடுத்தே?" என்று கத்தினார். பக்கத்து மேஜை ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "டீச்சர் கேக்கறாங்கல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா? நான் காலையில போனா பொழுது சாஞ்சு வர்ற ஆளு டீச்சர். வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நம்பிக் குடுத்தேன். இப்படிப் பண்ணிட்டாளே!"

மகள் நிமிர்ந்து ஒரே ஒரு தடவை பார்த்தாள். அதில் கோபம் இல்லை. பேசி முடித்தாயிற்றா, இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை. பிறகு மிஸ் பக்கம் திரும்பி, "மன்னிச்சிருங்க மிஸ்" என்றாள்.

வெளியே வந்ததும் அவர் வண்டியை எடுத்தார். மகள் ஏறவில்லை; நடந்தாள். எஞ்சினை அணைத்துவிட்டு அவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனார். செருப்புத் தைக்கிறவர் கடை தாண்டி, மூடியே கிடந்த ஜெராக்ஸ் கடை தாண்டிப் போனார்கள். கூசிக் குறுகிப் போவது என்று சொல்வார்களே, அது உடம்பில் எங்கே இருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. காது மடலில் இருந்தது. இயர்போன் மாட்டுகிற இடம் நெருப்பாகக் காந்தியது.

"சட்டுன்னு வாயில வந்துருச்சும்மா" என்றார்.

அவள் நடந்தாள்.

"ஜன்னல்ல போய் எதுக்கு நின்னே?"

"கிளாஸ் கேக்க."

"எத்தனை நாளு?"

"அவங்க சாத்தற வரைக்கும். அவங்க அம்மா 'தள்ளி நில்லு, தள்ளி நில்லு'ன்னு சொல்வாங்க. தள்ளி நின்னா காது கேக்காது. உங்களுக்கு நோய் வந்ததும் ஒரேயடியா சாத்திட்டாங்க."

வண்டி கையில் கனத்தது. அவர் நின்றார். அவளும் நின்றாள். ஆனால் திரும்பவில்லை.

"நீங்க இருபத்திரண்டு போட்ட அன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். என் நம்பருக்கு எல்லாரும் கை தட்டினாங்க. அவங்க அம்மாகூட ஜன்னல் வழியா என்னைப் பாத்துத் தட்டினாங்க. நான் என்ன பண்றதுன்னு தெரியாம சிரிச்சேன்."

காயில்காரர் வண்டிக்கு ஸ்டாண்டு போட்டார்.

"எப்படிப் போட்டீங்கன்னு சாயங்காலம் வந்து சொல்வீங்கன்னு நெனச்சேன். அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருந்தேன்."

மனைவி சொன்ன அந்த ஒரே பக்கம். காயில்காரர் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே, கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். தெருவில் யாரும் இல்லை. இருந்தாலும் இழுத்துக்கொண்டார்.

"வேலை இல்லாத அன்னிக்கும் எடுத்துட்டுப் போனீங்க" என்றாள் மகள். "ஏன்னு மட்டும் எனக்குத் தெரியல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்."

நிறைய பொய் அவரிடம் கைவசம் இருந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"எனக்குப் பிடிச்சிருந்துதும்மா" என்றார். "பாடம்."

இப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"திங்கக்கிழமை வந்து சொல்லிடறேன். நான்தான்னு சொல்லிடறேன். யார் சிரிச்சாலும் சரி. உன் பேர்ல ஒரு சொல் வராது."

"அது மட்டும் பத்தாதுப்பா."

"வேற என்ன?"

"எனக்கு ஒன்பதாவது வேணாம். மிஸ் பேசறது ஒரு வார்த்தை புரியல. என்னை மறுபடியும் எட்டாவதுல உக்கார வைக்கச் சொல்லுங்க. எல்லா நாளும் வந்திருக்கியே, எப்படி முடியும்னு கேப்பாங்க."

"அட்டெண்டன்ஸ் போயிடுமேம்மா!"

யோசிப்பதற்குள் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்? மகள் அதற்கும் கோபப்படவில்லை. பெரிய மனுஷி, புரியாதவனுக்காக ஒரு வரியை இன்னொரு தடவை சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னாள்:

"அது என்னோடது இல்லப்பா. முதல் பதினஞ்சு நாளுக்கு அப்புறம் நான் ஒரு நாளும் வரல. மீதி வருசம் பூரா பதினேழாம் நம்பர் ஆப்சென்ட்னு எழுதச் சொல்லுங்க. அவங்க எழுதற வரைக்கும் நீங்க அங்கயே நில்லுங்க."